வளையமும் வலையும்

நம் குருதியின் செந்நிறத்திற்கும் இலையின் பசுமைக்கும் அடிப்படை ஏறக்குறைய ஒரே அமைப்புத்தான். கரியணுக்களும் நைட்ரஜன் அணுக்களும் கைகோத்து நிற்கும் வளையம் ஒன்றின் நடுவே, மோதிரத்தில் கல் பதித்தாற்போல, உலோக அயனி ஒன்று அமர்ந்திருக்கிறது. குருதியில் அது இரும்பு, இலையில் மக்னீசியம்.

இயற்கை செய்த இவ்வேலையை மனிதனும் செய்யக் கற்றான். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பெடர்சன், மகுட ஈதர்கள் என்னும் வளைய மூலக்கூறுகளைப் பற்றி 1967ஆம் ஆண்டில் எழுதினார். வளையத்தின் துளையும் அயனியின் பருமனும் பொருந்தினால் பிடிப்பு உறுதியாகும். ஆறு ஆக்ஸிஜன் அணுக்கள் கொண்ட மகுடம் பொட்டாசியத்தை இறுகப் பற்றும்; சிறிய சோடியத்தை அத்துணை இறுகப் பற்றாது. இத்துறைக்காக 1987இல் பெடர்சனும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

வளையம் ஓர் அயனியைத் தன்னுள் அடக்குகிறது. ஒரு மூலக்கூறு தன் இரு முனைகளாலும் வெவ்வேறு அயனிகளைப் பற்றினால் என்ன ஆகும்? புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து நாம் வாயிலில் இடும் கோலத்தை எண்ணிப் பாருங்கள். புள்ளிகள் உலோகம், கோடுகள் கரிம மூலக்கூறுகள். கோலமோ தரையோடு நிற்கும். இவ்வலை மேலும் கீழும் படர்ந்து, எண்ணற்ற அறைகள் கொண்ட படிகமாகிறது. 1989இல் ஆஸ்திரேலியாவில் ரிச்சர்டு ராப்சன் இவ்வழியைக் காட்டினார். ஜப்பானின் கிட்டகாவா, இவ்வறைகளில் வாயுக்கள் புகுந்து வெளியேறுவதை 1997இல் நிறுவினார். ஓமர் யாகி 1999இல் உறுதியான வலையொன்றைப் படைத்தார். அதில் சில கிராமின் உட்பரப்பு ஒரு கால்பந்து மைதானத்திற்கு ஈடாகும். இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு இத்துறை தொலைவில் இல்லை. இங்குப் பிறந்த சி. என். ஆர். ராவ், இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1976இல் திண்மப் பொருள்களின் ரசாயனத்திற்கென ஒரு பிரிவைத் தோற்றுவித்தார். பின்னர் 1989இல் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம் உருவாகவும் அவரே காரணமானார். அது ஜக்கூரில் இயங்கி வருகிறது. இவ்விரு இடங்களிலும் உலோக வலைகளைப் பற்றிய ஆராய்ச்சி நடைபெறுகிறது.

இதனால் நமக்கு என்ன பயன்? 2024ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யாகியின் குழுவினர் அரிசோனாப் பாலைவனத்தில் இத்தகைய படிகங்களைப் பரப்பினர். அவை இரவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சின; பகலின் வெப்பத்தில் அந்நீரை விடுவித்தன.

ஆயினும், வலைகள் அனைத்தும் நீரைத் தாங்குவதில்லை. 1999ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வலையே ஈரக் காற்றில் சிதைந்துவிடும். பல காலம் உழைக்கும் வலையை மலிவாகவும் மிகுதியாகவும் செய்வது எவ்வாறு என்பதே இன்றைய வினா. அதற்கு விடை கிடைத்தால்தான் ஆய்வுக்கூடத்துப் படிகம் வீட்டுக் குடத்தை நிரப்பும்.