அடிக்கிறதுக்கு முன்னாடி கவனி!

"வீடியோ கேம்னா என்ன, சும்மா பட்டனைத் தட்டுறதுதானே?" என்று நம் வகுப்பிலேயே நிறைய பேர் கேட்கிறார்கள். ஹாலோ நைட் கேமில் அப்படித் தட்டினால் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. எங்கள் மாடியில் குடியிருக்கும் காலேஜ் அக்காவின் லேப்டாப்பில் பார்த்தும் ஆடியும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் டீம் செர்ரி என்ற சின்னக் குழு செய்து 2017-ல் வெளியிட்ட கேம். பூமிக்கு அடியில் பாழடைந்துபோன பூச்சிகளின் ராஜ்ஜியம். ஒரே இருட்டு. நம் வீரன் கையில் வாள் மாதிரி ஒன்று இருக்கும், அதன் பெயர் ஆணி! இந்த வகைக்கு மெட்ராய்ட்வேனியா என்று பெயர். 1986-ல் ஜப்பானில் வந்த மெட்ராய்டு, கேஸில்வேனியா என்ற இரண்டு கேம்களின் பெயரையும் ஒட்டவைத்து உண்டான சொல். மொத்தமும் ஒரே பெரிய மேப். புதுத் திறமை கிடைத்தால்தான் மூடிய வழிகள் திறக்கும். பல இடத்தில் அதற்குக் குறுக்கே ஒரு பெரிய எதிரி நிற்பான். அவன்தான் பாஸ்.

நமக்கு முதலில் 5 முகமூடிகள்தான் உயிர். சாதாரண அடி பட்டால் ஒன்று போகும். ஆணியால் எதிரியை ஒரு தடவை அடித்தால் 11 சோல் சேரும். 33 சோல் கொடுத்தால் ஒரு முகமூடி திரும்ப வரும். அதாவது மூன்று அடிக்கு ஓர் உயிர். கணக்கு சுலபம், ஆனால் உயிரை ஏற்றும்போது நகராமல் நிற்க வேண்டும். நடுவில் அடி விழுந்தால் நின்றுபோகும். ஒரே ஒரு முகமூடி மிச்சம் இருக்கும்போது அடிப்பதா, ஆற்றிக்கொள்வதா? கை நடுங்குவது இங்கேதான். செத்தால் கையிலிருந்த காசும் அங்கேயே தங்கிவிடும். அதை மீட்பதற்குள் இன்னொரு தடவை செத்தால் அவ்வளவுதான், போயே போச்சு.

அப்போ எப்படி ஜெயிப்பது? எந்த பாஸும் திடீரென்று அடிப்பதில்லை. அடிக்கும் முன் ஓர் அறிகுறி காட்டுவான். முதலில் வரும் ஃபால்ஸ் நைட் கதாயுதத்தைத் தலைக்கு மேல் தூக்குவான், அப்புறம்தான் தரையில் இறக்குவான். தூக்கும்போதே விலகிவிட்டால், இறக்கிய பிறகு நமக்கு ஒரு சின்ன நேரம் கிடைக்கும். அதில் ஓர் அடி, அல்லது இரண்டு. மூன்றாவதுக்கு ஆசைப்படக் கூடாது. (கவசத்துக்குள் இருப்பது வெறும் புழு என்பது வேறு விஷயம்!) ஹார்னெட் என்ற பெண் பாஸ் இன்னும் வேகம். நூல் கட்டிய ஊசியை வீசும் முன் ஒரு சத்தம் போடுவாள், பாயும் முன் இன்னொன்று. கண்ணை விடக் காதுதான் உதவும். அவளை ஜெயித்தால் வேகமாகப் பாய உதவும் அங்கி கிடைக்கும். கேம்னா பசங்க விஷயம் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: 2025-ல் வந்த சில்க்சாங் என்ற அடுத்த கேமில் ஹார்னெட்தான் கதாநாயகி.

இதே மாதிரி ஒரு சண்டை நமக்குப் பக்கத்திலேயே 7-ஆம் நூற்றாண்டிலிருந்து கல்லில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை வில்லை இழுத்துப் பிடித்திருக்கிறாள். எதிரே எருமைத் தலை, மனித உடம்போடு மகிஷன். அவன் கையிலும் கதாயுதம்! உடம்பு பின்பக்கம் சாய்ந்துவிட்டது, முகம் மட்டும் அம்மனைப் பார்க்கிறது. அவன் ஓடப்போகிறானா, திரும்ப அடிக்கப்போகிறானா என்று நமக்கே சந்தேகம் வரும். துர்க்கை முகத்தில் அவசரமே இல்லை.

அதே ஊரில் திரிமூர்த்தி மண்டபத்திலும் ஒரு துர்க்கை உண்டு. அங்கே எருமைத் தலையின் மேலேயே நிற்கிறாள், சண்டை முடிந்துவிட்டது. எனக்கு முதல் சிற்பம்தான் பிடிக்கும். போகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி