சிவகாசி: குச்சியில் தொடங்கிய ஊர்

சிவகாசி என்றதும் பட்டாசுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊரைத் தூக்கி நிறுத்தியது தீப்பெட்டி. பட்டாசும் அச்சுத் தொழிலும் அதன் பின்னால் வந்தவை.

சுற்றிலும் கரிசல் காடு. மழை பொய்த்தால் வெள்ளாமையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த நிலையில்தான் 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு, 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் வரவழைத்தார்கள். ஆனால் அந்த ஊரில் நிலைத்தது கைவேலைதான். வேலை தேடும் கைகள் நிறைய இருந்தன. பசையும் மருந்தும் சீக்கிரம் காய, வறண்ட வெயிலும் இருந்தது. பின்னாளில் கையால் செய்யும் தீப்பெட்டிக்கு வரியும் குறைவாக இருந்ததால், பெரிய இயந்திர ஆலைகளோடு சிறு தொழிற்சாலைகள் போட்டி போட முடிந்தது.

ஊர்க்காரர்கள் அதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பார்கள். அங்கே நடந்த வேலைகளில் முக்கியமானது கட்டை அடுக்குவது. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டங்களில், பள்ளத்துக்கு ஒன்றாகக் குச்சிகளைப் பரப்பி, சட்டத்தின் மேல் சட்டமாக அடுக்கி இறுக்க வேண்டும். அப்போதுதான் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். அத்தனை முனையையும் ஒரே முக்கில் மருந்தில் தோய்க்கலாம். கூலி கட்டைக் கணக்கில். குச்சி முனையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் தடவுவது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால்தான் சட்டைப்பையில் கிடந்து உரசினாலும் குச்சி பற்றிக்கொள்வதில்லை.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதற்காக வந்த அச்சு இயந்திரங்கள் பிறகு காலண்டர், நோட்டு, வாழ்த்து அட்டை என்று நாடு முழுவதற்கும் அச்சடித்தன. மருந்து கலக்கத் தெரிந்த கைகள் வண்ண மத்தாப்பு செய்தன, அடுத்துப் பட்டாசு. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றது. 1940-இல் வெடிபொருள் விதிகளின் கீழ் உரிமம் பெற்று ஆலைகள் நடத்தும் முறையும் வந்தது. பட்டாசுத் தொழில் காலூன்றியது அப்போதுதான்.

இந்தக் கதையை முதலாளிகளின் முயற்சியாக மட்டும் சொல்வது நியாயமாகாது. கட்டை அடுக்கியவர்களும் பெட்டி ஒட்டியவர்களும் பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் விரல் தேயக் குச்சி அடுக்கியவர்கள் அவர்கள். சிவகாசிச் சிறுவர் உழைப்பு பற்றிய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

பட்டாசில் பச்சை ஒளி தரும் பேரியம் உப்புக்கு 2018-இல் அதே நீதிமன்றம் தடை விதித்தது. புகை குறையத்தான் வேண்டும். ஆனால் அந்த மாற்றத்தின் சுமை முதலில் இறங்குவது தினக்கூலித் தொழிலாளியின் தலையில்.

விபத்துகள் இன்னும் நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 30-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். மருந்து புழங்கும் அறைகளில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தீபாவளி அவசரத்தில் முதலில் மீறப்படுவதும் அதுதான். ஆலை நடத்துபவர்களும் ஆய்வு செய்யும் அதிகாரிகளும் அந்த ஒரு விதியையாவது விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும்.