உலகம் பார்த்த காப்பிப் பாத்திரம்



டில்லியிலோ பூனாவிலோ உத்தியோக நிமித்தம் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில், காலையில் முதலில் எழுபவர் யார் என்பது பெரிய பிரச்சினை அன்று; முதலில் இறங்கிய டிகாக்ஷனைக் குடித்துத் தீர்த்தவர் யார் என்பதே பிரச்சினை. சமையலறை வரை நடந்து சென்று, பில்டரின் கீழ்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து, அதில் ஒன்றும் இல்லை என்று கண்டு திரும்புபவரின் முகத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இந்த எளிய துன்பத்திலிருந்துதான் இணையம் என்னும் பெருவலையின் இளமைக் காலத்து வேடிக்கைகளுள் மிகவும் புகழ் பெற்ற ஒன்று பிறந்தது என்றால், அதைக் கேட்டு நகைப்பதா, அனுதாபப்படுவதா என்று தோன்றும்.

இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுக்கூடத்தில் 1991ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இது. அங்கே ‘டிரோஜன் அறை’ என்று பெயரிட்டு அழைக்கப்பட்ட அறையின் அருகில் வடிகட்டிக் காப்பி போடும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஆய்வாளர்களோ அக்கட்டடத்தின் பல பகுதிகளிலும் சிதறியிருந்தார்கள். தொலைவில் இருந்தவர் படிகளில் ஏறி இறங்கி வருவதற்குள் பாத்திரம் காலியாகிவிடும். குவென்டின் ஸ்டாஃபோர்டு-பிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார்கள். சோதனைச் சாலையில் குடுவைகளைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கியில் ஒரு காமிராவைப் பொருத்தி, அதன் பார்வையைக் காப்பிப் பாத்திரத்தின்மேல் திருப்பி வைத்தார்கள். அது எடுத்த படம், கூடத்திலிருந்த ஒவ்வொருவருடைய கணினித் திரையின் மூலையிலும் சிறியதாகத் தோன்றியது. படத்தின் அகலம் 128 புள்ளி, உயரமும் 128 புள்ளி. நிறம் வெறும் சாம்பல். நிமிஷத்திற்கு மூன்று முறைதான் அது புதுப்பிக்கப்பட்டது. காப்பி அதைவிட மெதுவாகவே இறங்கியபடியால், அதுவே போதுமானதாக இருந்தது!

இதுவரை அது அவர்கள் வீட்டு விவகாரம். 1993இல் நிலைமை மாறிற்று. ஜெனீவாவிலுள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் உருவாக்கிய வலைப்பக்க முறையை, அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் தேதி அந்நிலையம் எவரும் இலவசமாகக் கையாளலாம் என்று பொதுவுடைமை ஆக்கிற்று. அதே ஆண்டில் ‘மொசைக்’ என்ற உலாவி வெளிவந்து, எழுத்துக்களின் நடுவே படங்களையும் காட்டத் தொடங்கியது. கேம்பிரிட்ஜ்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்சன் என்ற இருவரும் நவம்பர் மாதத்தில் காப்பிப் பாத்திரத்தை வலையில் ஏற்றிவிட்டார்கள். அன்று முதல் டோக்கியோவில் இருப்பவரும் சிகாகோவில் இருப்பவரும் கேம்பிரிட்ஜில் காப்பி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள முடிந்தது. தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்கலாகாது. ஒன்றும் செய்வதற்கில்லை. ஆயினும் மக்கள் பார்த்தார்கள். இரவில் ஆய்வுக்கூடம் இருண்டுவிடுவதால் பாத்திரம் தெரியவில்லை என்றும், தயவு செய்து ஒரு விளக்கை அணைக்காமல் விடும்படியும் ஜப்பானிலிருந்து கடிதங்கள் வந்தனவாம். கேம்பிரிட்ஜ் நகரின் பழம்பெருமை வாய்ந்த கல்லூரிகளையும் தேவாலயங்களையும் காண வரும் பயணிகளுள் சிலர், காப்பிப் பாத்திரம் எங்கே என்று வழி கேட்டதும் உண்டு.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்து மாணவர்கள், 1980களின் தொடக்கத்திலேயே தங்கள் கட்டடத்திலிருந்த கொக்கோ கோலா இயந்திரத்தைக் கணினியோடு இணைத்து, எந்த வரிசையில் புட்டி இருக்கிறது, அது குளிர்ந்துவிட்டதா என்பவற்றை இருந்த இடத்திலிருந்தே விசாரித்தார்கள். புட்டி வைத்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டால் ‘குளிர்ந்தது’ என்று விடை வரும். அறிவியல் வளர்ச்சிக்குத் தாகமும் சோம்பலும் ஆற்றிய தொண்டு சாமான்யமானது அன்று என்பது நம் அபிப்பிராயம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்த நாள் 1995 ஆகஸ்டு 15. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் முதலில் வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக, கீச்சுக் குரலும் கரகரப்புமாக மோடம் ஓசை எழுப்பி, பத்து முறை முயன்றால் ஒரு முறை தொடர்பு கிடைத்த காலம் அது. எழுத்து மட்டும் தெரியும் கணக்கு ஒன்று. படமும் தெரியும் கணக்கு இன்னொன்று. பின்னதற்குக் கட்டணம் அதிகம். பிற்பாடு தெருத் தெருவாக இணைய மையங்கள் தோன்றி, மணிக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கின. ஊரிலுள்ள பெற்றோருக்கு மின்னஞ்சல் அனுப்பவும், தமிழ்ச் செய்தி படிக்கவும் அங்கே சென்ற நம்மவர் பலர், மீதமிருந்த பத்து நிமிஷத்தை எதிலே செலவிட்டார்கள்? இத்தகைய விநோதப் பக்கங்களில்தான். படம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவது போல, வரி வரியாக இறங்கிக்கொண்டிருக்கும். காசு கரைந்துகொண்டிருக்கும்.

அவ்விநோதங்களுள் சில வெறும் குறும்பு. அழுத்தினால் ஒன்றுமே நிகழாத பெரிய பொத்தான் ஒன்றை 1994இல் ஒரு பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒன்றும் நிகழாது என்று எழுதியும் வைத்திருந்தார்கள். அப்படியும் அதை அழுத்தாமல் வந்தவர் குறைவு. 1998இல் கனடா தேசத்து ஓவிய மாணவி ஒருத்தி, தன் சகோதரியோடும் தோழியோடும் யார் பக்கத்திற்கு அதிகம் பேர் வருகிறார்கள் என்று பந்தயம் கட்டி, தான் வளர்த்த ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலியின் பெயரால் ஒரு பக்கம் அமைத்தாள். வரிசை வரிசையாகச் சிற்றெலிகள் ஆடும். பின்னணியில் வேகம் கூட்டப்பட்ட பழைய திரைப் பாட்டு ஒன்று ஓயாமல் ஒலிக்கும். அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். சில மாதங்களில் அது உலகம் முழுவதும் பரவிற்று. அந்தப் பாட்டை ஒரு முறை கேட்டவர் ஒரு வாரம் அதை மறக்க முடியாமல் அவதிப்பட்டார் என்பதைத் தவிர, இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் ‘டெலிகார்டன்’ என்ற தொலைத் தோட்டத்தை அப்படித் தள்ளிவிட இயலாது. கென் கோல்டுபர்க் என்ற பொறியியல் அறிஞரும் அவர்தம் நண்பர்களும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1995இல் இதை அமைத்தார்கள். வட்டமான ஒரு பாத்தி. அதில் மெய்யான மண், மெய்யான செடிகள். நடுவே ஓர் இயந்திரக் கை. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் தம் கணினி வழியே அக்கையை இயக்கி, காமிராவால் தோட்டத்தைப் பார்க்கலாம், பெயரைப் பதிந்து உறுப்பினர் ஆனால் தண்ணீர் ஊற்றலாம், விதை நடலாம். ஆனால், வந்தவுடனே விதை கொடுத்துவிட மாட்டார்கள். தோட்டத்திற்குப் பல முறை வந்து, கவனம் செலுத்தி, தண்ணீர் வார்த்துப் பழகியவருக்கே விதை. நம் கிராமத்திலும், புதிதாக வந்தவன் கையில் விதை நெல்லைத் தூக்கிக் கொடுப்பார் இல்லை அல்லவா? முதல் ஆண்டிலேயே ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் உறுப்பினர் ஆனார்கள். 1996இல் அத்தோட்டம் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்திலுள்ள ஆர்ஸ் எலக்ட்ரானிக்கா நிலையத்திற்குக் குடிபெயர்ந்து, 2004 வரை அங்கே பசுமையாக இருந்தது.

இதில் வேடிக்கைக்கு அடியில் ஒரு கேள்வி கிடந்தது. திரையில் ஒரு செடி தெரிகிறது. தண்ணீர் ஊற்றும்படி கட்டளை இட்டேன். மண் நனைந்ததாகப் படம் வருகிறது. அப்படி ஒரு தோட்டம் உண்மையிலேயே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? முன்பே எடுத்து வைத்த படங்களை எவரோ ஒருவர் மாற்றி மாற்றிக் காட்டி என்னை ஏமாற்றவில்லை என்பதற்கு என்ன சாட்சி? கோல்டுபர்க் இக்கேள்வியை மறைக்கவில்லை. அதையே பொருளாக்கித் தத்துவ ஆசிரியர்கள் பலருடைய கட்டுரைகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். நாள்தோறும் நம் கைபேசிக்கு வந்து சேரும் படங்களுள் எது மெய், எது புனைவு என்று நாம் இன்று திணறுகிறோமே, அத்திணறலை அன்றே ஒரு சாமந்திப் பாத்தி போன்ற சிறு விஷயத்தை வைத்துக்கொண்டு விவாதித்தார்கள்.

வேடிக்கை வியாபாரமாக மாறிய கதைக்கு, 2005ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அலெக்ஸ் டியூ என்ற இருபத்தொரு வயது மாணவர் செய்த காரியம் நல்ல உதாரணம். கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் வேண்டியிருந்தது. அவர் ஒரே ஒரு வலைப்பக்கம் அமைத்து, அதை அகலத்தில் ஆயிரம், உயரத்தில் ஆயிரம் ஆகப் பத்து லட்சம் புள்ளிகளாகப் பகுத்து, புள்ளி ஒன்று ஒரு டாலர் என்று விளம்பரதாரர்களுக்கு விற்றார். குறைந்தது நூறு புள்ளி வாங்க வேண்டும். மனை பிரித்து விற்பதுபோலத்தான். மண் மட்டும் இல்லை. ஐந்து மாதத்திற்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. கடைசி ஆயிரம் புள்ளிகள் 2006 ஜனவரியில் ஏலத்தில் 38,100 டாலருக்குப் போயின. மொத்த வசூல் 10,37,100 டாலர். இதன் பின்கதை அவ்வளவு இனிப்பானது அன்று. 2017இல் ஹார்வர்டு சட்ட நூலகத்தைச் சேர்ந்தவர்கள் அப்பக்கத்திலுள்ள 2,816 இணைப்புகளைச் சோதித்தபோது, 547 முகவரிகள் அறவே செத்துப்போயிருந்தன. இன்னும் 489 வேறு எங்கோ கொண்டுபோய் விட்டன. காசு கொடுத்து வாங்கிய இடம் இருக்கிறது; கடை இல்லை.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. அந்நாளில் சாமானியர்கள் தம் பக்கங்களை அமைத்தது பெரும்பாலும் பிறர் இலவசமாகத் தந்த இடத்தில். அவற்றுள் தலையாயது ‘ஜியோசிட்டீஸ்’. 1994இல் தொடங்கிய அந்நிறுவனம், வலையை ஒரு நகரமாகவே பாவித்துப் பேட்டைகளாகப் பிரித்திருந்தது. சினிமாப் பிரியர்களுக்கு ‘ஹாலிவுட்’. கணினிப் பித்தர்களுக்கு ‘சிலிக்கன் வேலி’. கல்வி, இலக்கியம், தத்துவம் என்பவருக்கு ‘அதென்ஸ்’. ஒவ்வொருவருக்கும் கதவிலக்கம்போல் ஓர் எண். பூனைக்குட்டியின் பிறந்த நாள், தபால் தலைச் சேகரிப்பு, தாத்தாவின் யுத்த அனுபவம் என எதை எதையோ எழுதி வைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் வர்ணங்களும், மினுக்கும் எழுத்துக்களும், ‘பணி நடைபெறுகிறது’ என்னும் மஞ்சள் பலகையும் அங்கே வழக்கம். அழகு என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. தமிழ் நூல்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டித் தந்த பக்கம் ஒன்றும் அதென்ஸ் பேட்டையில்தான் குடியிருந்தது.

1999இல் யாஹூ நிறுவனம் ஏறத்தாழ 350 கோடி டாலர் மதிப்புக்கு ஜியோசிட்டீஸை வாங்கிற்று. பத்தே ஆண்டுகளில், 2009 அக்டோபர் 26ஆம் தேதி, அதை மூடியும் விட்டது. முன்னறிவிப்பு கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் கடவுச்சொல்லை மறந்தவர், முகவரி மாறியவர், காலமாகிவிட்டவர் ஆகியோருக்கு அறிவிப்பு எப்படிப் போய்ச் சேரும்? ‘ஆர்க்கைவ் டீம்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட ஆர்வலர்கள் இரவு பகலாக முயன்று, அகப்பட்டதை எல்லாம் படி எடுத்து, மறு ஆண்டில் பொதுவில் வெளியிட்டார்கள். தப்பியவை பல. தப்பாதவை எவ்வளவு என்று கணக்கிட வழி இல்லை.

கேம்பிரிட்ஜ்க் காப்பிப் பாத்திரத்திற்கு இந்தக் கதி நேரவில்லை. ஆய்வுக்கூடம் புதிய கட்டடத்திற்கு மாற வேண்டி வந்தபோது, 2001 ஆகஸ்டு 22ஆம் தேதி காமிராவை நிறுத்தினார்கள். கடைசிப் படத்தில், விசையை அணைக்கும் விரல்கள் மங்கலாகத் தெரிகின்றன. பிறகு பாத்திரம் ஏலத்திற்கு வந்தது. ஜெர்மனியின் ‘டெர் ஸ்பீகல்’ பத்திரிகையின் இணையப் பிரிவினர் 3,350 பவுன் கொடுத்து வாங்கி, பழுது பார்த்து மறுபடியும் காப்பி போட்டார்கள். தற்போது அது பாடர்பார்ன் நகரத்துக் கணினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவருக்கும் உபயோகமில்லாத படத்தைக் காட்டிய பாத்திரத்திற்குக் கண்ணாடிப் பேழை. தாத்தாவின் யுத்த அனுபவத்திற்கு ஒன்றும் இல்லை. இது நியாயமா என்று எவரேனும் கேட்டால் நம்மிடம் விடை இல்லை.

பழையவற்றைத் தேட விரும்பும் நேயர்களுக்கு ஒரு வழி உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரில் புரூஸ்டர் கேல் என்பவர் 1996இல் நிறுவிய ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’, அவ்வாண்டு முதலே வலைப்பக்கங்களைப் படி எடுத்துச் சேர்த்து வருகிறது. 2001இல் அச்சேமிப்பை எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டது. பழைய முகவரி கைவசம் இருந்தால், தேதியோடு அதைக் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்ச் சங்கத்திற்காக நீங்களோ உங்கள் நண்பரோ அந்நாளில் ஏதேனும் பக்கம் அமைத்திருந்தால், முகவரியைப் பழைய விழா மலரின் பின்னட்டையில் தேடுங்கள். அங்கே அச்சிடும் வழக்கம் இருந்தது. கிடைத்தால் உடனே ஒரு படி எடுத்து வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு இல்லாமல் தமிழ் எழுத்துக்கள் சிதைந்து புரியாத குறிகளாகத் தோன்றக்கூடும், அதற்கு மாற்றிகள் உண்டு, அஞ்ச வேண்டாம். படங்கள் பல வாரா. அவை இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம் நிற்கும். ‘பணி நடைபெறுகிறது, விரைவில் மீண்டும் வருக’ என்னும் மஞ்சள் பலகை மட்டும் அப்படியே வந்து நிற்பதை நாம் பல முறை கண்டிருக்கிறோம்.