சேவலுக்கு மூச்சு இரைக்குதா? மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை



சேவலுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் காட்டிக் கொடுப்பது அதன் குரல்தான். விடியக்காலை கணீர்னு கூவுற சேவல் கம்மின குரலில் கூவினாலோ, பாதியில் நிறுத்தினாலோ அன்றைக்கே பிடித்துப் பாருங்கள். நாலு வீட்டு முற்றம் மேய்ந்து வருவது சேவல்தானே, பல நேரம் நோயும் அதோடுதான் வீட்டுக்கு வருகிறது.

கம்பம், கூடலூர் பக்கம் ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் விடாது. குளிருதேன்னு கூண்டைச் சாக்குப் போட்டு இறுக்கி மூடி விடுகிறோம். உள்ளே எச்சம் ஈரமாகி மூக்கை அரிக்கிற நெடி வரும். அந்த நெடி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி, கிருமிக்கு வழி விடும். கூண்டின் மேல்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். கீழே உமி போட்டு, நனைஞ்சா மாத்திருங்க.

நாம் "சளி" என்று சொல்வது ஒரே நோய் இல்லை. எல்லாம் அடங்கின பிறகு ராத்திரி கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். கொர் கொர்னு சத்தம் வருது, ஆனால் இரை எடுக்குது, வாரக்கணக்கில் மெலிஞ்சுக்கிட்டே போகுதுன்னா அது நாள்பட்ட சுவாச நோயாக இருக்கலாம். கண்ணைச் சுற்றி முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கிற சளி வந்தால் கொரைசா என்ற நோயாக இருக்கலாம். இந்த இரண்டும் மருத்துவர் கொடுக்கிற மருந்துக்குக் கட்டுப்படும். வாயைத் திறந்தும் பாருங்கள். உள்ளே மஞ்சளாகப் படை இருந்தால் அது அம்மையாக இருக்கலாம். அதை உரிக்கக் கூடாது. பூஞ்சை பிடித்த சோளம், கம்பு தின்றாலும் மூச்சு வாங்கும்.

பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சலுக்குத்தான். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்து திருகும், கால் இழுக்கும். இமயமலைப் பக்கம் இராணிக்கேத் என்ற ஊரில் 1920-களின் கடைசியில் கண்டறியப்பட்டதால், இராணிக்கெட் நோய் என்றும் சொல்கிறார்கள். இது வைரஸ் நோய். வந்த பிறகு எந்த மருந்தும், எந்த ஊசியும் கேட்காது. மெடிக்கலில் நாமாக மனுஷருக்கான மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றுவது காசுக்குத்தான் கேடு.

எந்த நோயாக இருந்தாலும் முதல் வேலை பிரித்து வைப்பது. காற்றடிக்காத, அடுப்புப் புகை படாத இடத்தில் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனி. மற்ற கோழிகளுக்கு இரை வைத்துவிட்டு கடைசியில் இதைப் பார்த்துவிட்டுக் கை கழுவுங்கள். மூக்கு, கண்ணை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து விடலாம். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், துளசி அரைத்து உருண்டையாகக் கொடுப்பது நம் வழக்கம். கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். வாயைப் பிளந்து மருந்தை மடமடன்னு ஊற்ற வேண்டாம். கோழிக்கு மூச்சுத் துவாரம் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. மருந்து அதில் போனால் நோயைவிட அதுவே கொன்றுவிடும். அலகு ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம். எத்தனை நாள் கறி, முட்டை சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் நாம் விட்டே ஆகணும். "சாகறதுக்குள்ள வித்துருவோம்" என்று சந்தைக்குக் கொண்டு போவது. அந்த ஒரு சேவல் பத்து வீட்டுக் கோழியைக் கொண்டு போகும். அதில் குழுக்கடன் வாங்கிக் கோழி வாங்கின நம் உறுப்பினர் வீடும் இருக்கலாம். கோழி போனாலும் தவணை நிற்காது. கருப்பசாமிக்கு நேர்ந்து விட்ட சேவலாக இருந்தாலும் குணமாகும் வரை வெளியே விட வேண்டாம். செத்ததை வாய்க்காலில் எறியாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

ஒரே நேரத்தில் பல கோழி திடீர்னு செத்தால் கையால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லுங்கள். 2014-லும் 2021-லும் கேரளாவில் ஆலப்புழா, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது. நாம் இருப்பது எல்லையை ஒட்டித்தான். உதவிக்கு 1962 என்ற இலவச எண்ணுக்கும் பேசலாம்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாம் வாரம் ஊசி, அப்புறம் மருத்துவர் சொல்கிற இடைவெளியில். மருந்து ஐஸில் இருக்க வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் வரும், கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கிற ஒருத்திக்காக அதைத் திறப்பது கஷ்டம். அதனால் குழுக் கூட்டத்தில் யார் வீட்டில் எத்தனை கோழி என்று எழுதி, தெரு முழுக்கச் சேர்த்து மருந்தகத்தில் நாள் கேளுங்கள். முதல் நாள் ராத்திரியே கோழிகளை அடைத்து வையுங்கள், விடிஞ்சு திறந்து விட்டால் பிடிக்க முடியாது. சளி பிடித்த சேவலுக்கு அன்றைக்கு ஊசி கிடையாது, குணமான பிறகுதான்.