பேரில் நம்பர் வேண்டாம், பட்டியல் போதும்!



சி மொழியில் ஒரு பாய்லரைக் கண்காணிக்கும் ப்ராஜெக்ட் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம், அழுத்தம், நீர்மட்டம், எரிபொருள் என்று எட்டுச் சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன். பெயர்? சோதனை1, சோதனை2... சோதனை8! கூப்பிடுவதற்கும் எட்டு வரி. "ஒரு லூப் போட்டு, 'சோதனை' என்ற சொல்லோடு ஐ-யின் மதிப்பை ஒட்டிக் கூப்பிட முடியாதா?" என்று நம்ம வகுப்பில் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

சி-யில் முடியாது. ஏன் முடியாது என்று புரிந்தால் வழியும் புரிந்துவிடும்.

ஃபங்ஷனின் பெயர் நமக்கும் கம்பைலருக்கும் லிங்க்கருக்கும்தான் தேவை. புரோகிராம் ஓடும்போது ப்ராசசர் பெயரைத் தேடுவதில்லை. மெமரியில் அந்த ஃபங்ஷன் தொடங்கும் முகவரிக்குத் தாவுகிறது, அவ்வளவுதான். ஆகவே ஓடுகிற நேரத்தில் பெயரை ஒட்டிப் பிரயோஜனம் இல்லை. முகவரிகளை ஒரு அர்ரேயில் போட்டு வைக்க வேண்டும். அடைப்புக்குறி இல்லாமல் ஃபங்ஷனின் பெயரை மட்டும் எழுதினால் கிடைப்பது அதன் முகவரியே:

வாய்ட் (*பட்டியல்[])(வாய்ட்) = { வெப்பம், அழுத்தம், நீர்மட்டம், எரிபொருள் };

ஃபார் (ஐ = 0; ஐ < எண்ணிக்கை; ஐ++) பட்டியல்[ஐ]();

நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் 'ஃபங்ஷன்களின் அர்ரே' என்று அர்த்தமாகிவிடும். சி-யில் அப்படி ஒன்று கிடையாது. கம்பைலர் எரர் காட்டும்.

எண்ணிக்கையையும் கையால் எழுத வேண்டாம். முழுப் பட்டியலின் சைஸ்ஆஃப் மதிப்பை, பட்டியல்[0]-இன் சைஸ்ஆஃப் மதிப்பால் வகுத்தால் போதும். ஒன்பதாவது சோதனை வந்தால் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கலாம். லூப்பைத் தொடவே தேவையில்லை.

'டைப்பிங்கை மிச்சம் பண்ற வேலைதானே' என்று நினைக்காதீர்கள். எட்டு வரிகளில் சோதனை3-ஐக் கூப்பிடும் வரி விட்டுப்போனால் கம்பைலர் எரர் காட்டாது. புரோகிராமும் நன்றாகவே ஓடும். சோதனை3 என்பது நீர்மட்டம் என்றால், தண்ணீர் குறைந்ததைப் பாய்லர்தான் நமக்குச் சொல்லும்! பட்டியலிலும் ஒன்று விட்டுப்போகலாம்தான். ஆனால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று; அங்கே நம்பர் இருக்காது, 'நீர்மட்டம்' என்றே எழுதியிருக்கும். இல்லாதது கண்ணில் படும்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். பட்டியலில் உள்ள எல்லா ஃபங்ஷன்களும் ஒரே வகை ஆர்க்யூமென்ட் வாங்கி, ஒரே வகை மதிப்பைத் திருப்பித் தர வேண்டும். ஐ-யின் மதிப்பு எல்லை தாண்டவும் கூடாது. தாண்டினால் ப்ராசசர் ஏதோ ஒரு முகவரிக்குத் தாவி, என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

இது புது யோசனையும் அல்ல. 1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086 ப்ராசசரிலேயே இருக்கிறது. அதன் மெமரியின் முதல் 1024 பைட்டுகள் இன்டரப்ட் வெக்டர் டேபிள். ஒரு முகவரிக்கு 4 பைட் வீதம் 256 முகவரிகள். இன்டரப்ட் நம்பரை 4-ஆல் பெருக்கினால் முகவரி இருக்கும் இடம் கிடைத்துவிடும். நம்பர் அங்கே பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, பட்டியலில் உள்ள இடமாக இருக்கிறது.

பைத்தான் போன்ற மொழிகளில் புரோகிராம் ஓடும்போதும் பெயர்கள் இருக்கும்; ஒட்டிக் கூப்பிடவும் முடியும். அங்கேயும் பட்டியல்தான் சுத்தமான வழி. அடுத்த முறை ஒரு பெயருக்குப் பின்னால் 1 என்று எழுதக் கை போனால், ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அந்த ஃபங்ஷன் செய்கிற வேலையின் பெயரை வையுங்கள். வரிசை எண்ணை அர்ரே பார்த்துக்கொள்ளும்.