‘சுகமடைந்தார்’ என்று எழுதலாமா?

மயிலைப் பகுதியிலுள்ள நம் பங்கில், மாதந்தோறும் உதவி பெறும் எளிய குடும்பங்களின் பெயர்களைக் கொண்ட கணக்கேடு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்தில் சிவப்பு மையினால் ஒரு பெயர் அடிக்கப்பட்டு, அருகே ‘சுகமடைந்தார்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய கை நம்முடையதே. அந்த ஒரு சொல்லினால் விளைந்ததைப் பங்குக் குடும்பங்கள் அறிவது நலமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

அவர் தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றில் பதினைந்து ஆண்டுகள் விற்பனையாளராக நின்றவர். ‘நின்றவர்’ என்பது வெறும் பேச்சன்று. காலை முதல் இரவு வரை நின்றவரே. இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. வேலையைத் தாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டு, சேமநிதிப் பணத்தை வாங்கி வைத்தியத்திற்குச் செலவிட்டார். பின்னர் மனைவியே தம் சிறுநீரகங்களில் ஒன்றை ஈந்தார். அரசின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை நடந்தது. எஞ்சிய செலவிற்கு ஞாயிறு காணிக்கை ஒன்றை ஒதுக்கினோம். நன்றித் திருப்பலியில் அவரை முன்வரிசையில் அமர்த்தி, பூரண சுகம் பெற்றாரென்று பீடத்திலிருந்தே அறிவித்தோம். மக்கள் கைதட்டினர். மறுவாரமே கணக்கேட்டில் பெயரை அடித்தோம்.

ஒன்பது மாதங்கள் சென்றன. ஒருநாள் மாலை, செபமாலை முடிந்த வேளையில், அவர் மனைவி அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். “சாமி, இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கி விழுங்கியிருக்கிறார். என்னிடமும் சொல்லவில்லை. இப்போது இரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது என்கிறார்கள்” என்றார். கண்ணீர் விடவில்லை, கோபமாகவே சொன்னார். கோபங்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. வீணாகிக்கொண்டிருந்தது அவர் ஈந்த சிறுநீரகம் அன்றோ?

பிறர் உறுப்பை ஏற்ற உடல் அதனைத் தன்னுடையதாக என்றும் ஒப்புக்கொள்வதில்லை. அந்நியனென்று கண்டு தாக்க முற்படும் எதிர்ப்புச் சக்தியை மருந்தினாலேயே அடக்கி வைக்க வேண்டும். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரட்னிசோலோன் என்பன பெரும்பாலோர் உட்கொள்ளும் மருந்துகள். அந்த உறுப்பு இயங்கும் நாள்வரை வேளை தவறாது உட்கொள்ள வேண்டும்; மருந்தின் அளவையும் இரத்தச் சோதனையால் அவ்வப்போது அறிய வேண்டும். எதிர்ப்புச் சக்தி அடங்கியிருப்பதனால் பிறருக்குத் தடுமனாகப் போவது இவருக்கு நிமோனியாவாக முற்றக்கூடும். வேடிக்கை என்னவெனில், பிரட்னிசோலோன் முகத்தை உப்பச் செய்கிறது. எதிரே வருவோர், “நன்றாகச் சதை போட்டுவிட்டீரே!” என மகிழ்வர். நாமும் அவ்வாறு மகிழ்ந்தவரே.

ஊனமென்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்பது நம் மனப்பான்மை. சட்டமும் இதனை முற்றும் கடந்துவிடவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகையாக விரித்தது. ஹீமோஃபீலியா, தலசீமியா, பார்க்கின்சன் நோய் ஆகியன இடம் பெற்றன. சிறுநீரகச் செயலிழப்போ, உறுப்பு மாற்றம் பெற்ற நிலையோ அதில் இல்லை. ஆகவே அந்நோய் ஒன்றையே காரணமாகக் காட்டி மாற்றுத்திறனாளிச் சான்று பெற இயலாது. ஆயினும் கதவு அடைபட்டதன்று; வேறு வகைகளையும் மைய அரசு அறிவிக்கலாமென அச்சட்டத்தின் அட்டவணையே இடம் தந்துள்ளது. கேட்பவர் வேண்டும்.

இங்கே ஓர் அச்சத்தையும் போக்க வேண்டும். நீரிழிவினால் காலையோ பார்வையையோ இழந்து, அதன்பொருட்டுச் சான்று பெற்றவர் சிலர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றால் அச்சான்று பறிபோகுமோ என அஞ்சுகின்றனர். புதிய சிறுநீரகம் இழந்த காலைத் திருப்பித் தருவதில்லை. சான்று அந்தக் காலுக்கு உரியது. அறுவையின் காரணமாக அதனை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஈ.எஸ்.ஐ. பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; தியாகராய நகர்க் கடைகளில் உழைக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அதுவே துணை. நோயுற்றவருக்கு ஆண்டில் 91 நாட்கள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும் என்பதைப் பலர் அறிவர். அதற்கப்பால், நீடித்த நோய்கள் முப்பத்து நான்கிற்கு 80 விழுக்காடு, இரண்டாண்டுகள் வரை உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அப்பட்டியலில் உள்ளது. இதற்கு இரண்டாண்டுகள் காப்பீட்டிற்குரிய வேலையில் இருந்திருக்க வேண்டும். நான்கு சந்தாக் காலங்களில் 156 நாட்களுக்கேனும் சந்தா சென்றிருக்க வேண்டும். நம் அன்பர் இவையனைத்தும் உடையவர். ஆனால் வேலையை எழுதிக் கொடுத்தபோது இவ்வுதவியையும் தாமறியாமலே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் அதைச் செய்யுமுன் நம்மிடம்தான் யோசனை கேட்டார். “உடம்பைப் பாரும், வேலை பிறகு கிடைக்கும்” என்றோம். நல்லெண்ணத்தோடு சொன்ன தவறான யோசனை!

இவ்விஷயத்தில் பணம் படைத்த நாடும் இடறியதுண்டு. அமெரிக்காவில் 1972இல் இயற்றிய சட்டத்தினால், சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு எவ்வயதினராயினும் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு கிடைத்தது. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற முப்பத்தாறாம் மாதத்தோடு அது நின்றது. வயதினாலோ வேறு ஊனத்தினாலோ தகுதி பெற்றவர்க்கே தொடர்ந்தது. மருந்து வாங்க வகையற்றோரில் சிலர் பெற்ற சிறுநீரகத்தை இழந்து டயாலிசிஸிற்குத் திரும்பினர். அப்போது மருந்தைவிடப் பன்மடங்கு செலவாகும் டயாலிசிஸிற்கு அதே அரசு பணம் கட்டியது! 2020இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 சனவரி முதல், வேறு காப்பீடு இல்லாதோர் இம்மருந்திற்கான உதவியை மட்டும் கால வரம்பின்றிப் பெற வழி பிறந்தது. அந்நாட்டின் ஊன உதவித் திட்டத்தில் வேறொரு விதியும் உண்டு. சிறுநீரகம், இருதயம், கல்லீரல் மாற்றம் பெற்றவரை ஓராண்டும், நுரையீரல் மாற்றம் பெற்றவரை மூன்றாண்டுகளும் ஊனமுற்றவராகவே கொள்கின்றனர். அதன்பின் எஞ்சியுள்ள குறைகளை ஆய்ந்து முடிவு செய்கின்றனர். அறுவை நாளன்றே பெயரை அடிப்பதில்லை. நாமோ மறுவாரமே அடித்தோம்.

தமிழகத்தின் பெருமையையும் மறைக்கலாகாது. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வெற்றி கண்டது. 2008இல் சிறுவன் இதயேந்திரனின் உறுப்புகளை மருத்துவரான அவன் பெற்றோர் ஈந்த பின்னர், மூளைச்சாவுற்றோரின் உறுப்புக்கொடை இங்கு இயக்கமாகவே வளர்ந்தது. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு உறுப்பு மாற்று அறுவைக்கும் உதவுகிறது. உறுப்புக்கொடையை உண்மையான அன்புச் செயலென்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000ஆம் ஆண்டு உரோமையில் மருத்துவர் மாநாட்டில் போற்றினார். கொடையை நாமெல்லாரும் போற்றுகிறோம். கொடையைக் காக்கும் மாத்திரையைப் பற்றியோ எவரும் பிரசங்கம் செய்வதில்லை!

நம் அன்பரின் நிலைக்கு வருவோம். மருத்துவர் கடிந்துகொண்டார், பத்து நாட்கள் படுக்கையில் வைத்து, சிறுநீரகத்தை ஒருவாறு மீட்டார். இப்போது அவர் பெரிய ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் பதிவு செய்துகொண்டு, மாத்திரைகளை அங்கு விலையின்றிப் பெறுகிறார். மாதம் ஒருநாள் விடியற்காலையில் மயிலாப்பூரிலிருந்து பறக்கும் இரயில் ஏறிச் செல்கிறார். அறுவைக்கு முன்பே எவரேனும் இதனை விசாரித்திருந்தால் ஒன்பது மாதத் துன்பம் நேர்ந்திராது. விசாரித்திருக்க வேண்டியவருள் நாமும் ஒருவர்.

வேலையும் கிடைத்திருக்கிறது, வேறொரு கடை. கடைகளில் பணிபுரிவோர்க்கு அமர இருக்கை தரவேண்டுமென 2021இல் தமிழகச் சட்டம் திருத்தப்பட்டது நமக்கு நினைவிருந்தது. முதலாளியிடம் அதைச் சொல்லுமுன்பே, அந்நல்ல மனிதர் கல்லாவருகே முக்காலி ஒன்றைப் போட்டுவிட்டார். ஈ.எஸ்.ஐ. சந்தாவும் மீண்டும் தொடங்கியுள்ளது. எனினும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெருவின் நெரிசல் அவருக்கு ஆகாது. அவ்வாரங்களில் ஊதியம் குறையும். அந்தக் குறையை நிரப்பக் கணக்கேட்டில் அவர் பெயரைப் புதிய வரியில் எழுதியுள்ளோம். எதிரே முடிவு நாள் எதுவும் குறிக்கவில்லை.

இவ்வளவும் ஒழுங்கு செய்த பின்னர், “உமது உடம்பு எப்படியம்மா? கொடுத்தவர்களும் ஆண்டுக்கொருமுறை சோதித்துக்கொள்ள வேண்டுமாமே?” என்று அவர் மனைவியைக் கேட்டோம். அறுவைக்குப்பின் ஒருமுறையேனும் அவர் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டதில்லை. வரும் மாதம் கணவரோடு அவரும் இரயிலேறுகிறார்.