சிறப்பு வகுப்பறையில் பயிற்சி ஆசிரியர்

செகந்திராபாத் நகரில் சிறப்புக் கல்வி ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த எங்களில் ஆறு பேரை, பயிற்சியின் ஒரு பகுதியாக, அறிவுத்திறன் குறைபாடு உடைய குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறு பேரில் மூவர் தமிழர். கையில் பாடக் குறிப்பேடு, பையில் வண்ண அட்டைகள், மனத்தில் மிகுந்த உற்சாகம் ஆகியவற்றோடு முதல் நாள் போய்ச் சேர்ந்தோம். வகுப்பில் எட்டுக் குழந்தைகள் இருந்தார்கள். "முதல் வாரம் நீங்கள் எதையும் கற்பிக்க வேண்டாம். ஓர் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், போதும்" என்றார் வகுப்பாசிரியை. எங்களுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. பார்ப்பதற்கு ஒரு வாரம் எதற்கு என்று நினைத்தோம். அப்படி நினைத்ததால் செய்த தவறு ஒன்றையும் இங்கே பின்னர்ச் சொல்லப்போகிறோம்.

சிறப்புக் கல்வி என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாகக் காண்போம். பொதுப் பள்ளியில் பாடம் முன்னால் போகிறது. குழந்தைகள் அதன் பின்னால் போகிறார்கள். சிறப்பு வகுப்பிலோ ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே ஒரு திட்டம் எழுதப்படுகிறது. அக்குழந்தை இன்று என்ன செய்யும், இன்னும் மூன்று மாதத்தில் என்ன செய்ய வேண்டும், அதற்கு யார் எவ்வாறு உதவுவது என்பவை அதில் இருக்கும். இதைக் கற்பிப்பவர் தனிப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கழகம் அது. சிறப்புக் கல்விக்கான கல்வியியல் பட்டப் படிப்பு 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாக நீட்டப்பட்டது. அதில் வகுப்பறைப் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அறிவுத்திறன் குறைபாட்டுத் துறைக்கென்று மத்திய அரசு 1984-இல் ஒரு தேசிய நிறுவனத்தை நிறுவியதும் இதே செகந்திராபாத்தில்தான்.

திட்டம் எழுதுமுன் குழந்தையை மதிப்பிட வேண்டும். அதற்கு எங்களுக்குக் கொடுத்த கருவி, 'மதராஸ் வளர்ச்சித் திட்ட முறை' என்று பெயர் பெற்றது. 1970-களில் பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலாவும் சென்னையில் உருவாக்கிய இம்முறை, இந்தியாவின் பல மாநிலங்களில் பயன்பட்டு வந்திருக்கிறது. உண்பது, உடுப்பது, சொன்னதைப் புரிந்துகொள்வது, பேசுவது, காலம், பணம், வீட்டு வேலை என்று வாழ்க்கையை 18 துறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 20 செயல்களை, எளியதிலிருந்து கடினமானது வரை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஆக 360 செயல்கள். குழந்தையை நேரில் பார்த்தும், பெற்றோரைக் கேட்டும் இவற்றைக் குறிக்க வேண்டும். இதில் ஓர் அழகு உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் குழந்தை என்ன செய்கிறது என்றே கேட்கிறது. 'இந்தக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுத அத்தாளில் இடமே கிடையாது.

இனி வகுப்புக்குள் போவோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சட்டைப் பித்தான் போடக் கற்பிக்கும் பொறுப்பு எங்களில் இருவருக்குக் கிடைத்தது. இது என்ன பெரிய காரியம் என்றுதான் தொடங்கினோம். பித்தானின் விளிம்பை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். மறு கையால் துளையை விரித்துக்கொள்ள வேண்டும். பாதிப் பித்தானை உள்ளே நுழைக்க வேண்டும். மறுபக்கம் வந்த பாதியைப் பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு இழுக்க வேண்டும். நமக்கு ஒரு நொடியில் முடிகிற செயலுக்குள் இத்தனை செயல்கள் ஒளிந்திருக்கின்றன. முதல் படியிலிருந்து மூன்று நாள் முயன்றோம். மூன்றாம் நாள் அவன் சட்டையைக் கழற்றி வீசிவிட்டான்.

வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே, "கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்" என்றார். அதாவது, நான்கு படிகளையும் நாங்களே செய்துவிட்டு, பாதி நுழைந்து நிற்கும் பித்தானை இழுக்கும் வேலையை மட்டும் அவனுக்கு விட வேண்டும். இழுத்தான்; பித்தான் மாட்டிக்கொண்டது. வேலை அவன் கையில் முடிந்தது. தொடக்கத்தைப் பிறர் செய்து முடிவைக் குழந்தை செய்தால், ஒவ்வொரு முறையும் முடித்த மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கிறது. முடிவை நாம் செய்தால் அது நமக்குப் போய்விடுகிறது. அதன்பின் கடைசி இரண்டு படிகள், கடைசி மூன்று படிகள் என்று பின்னோக்கிச் சென்றோம். முதலில் தடித்த துணியில் பெரிய பித்தான். பிறகு அவனுடைய சொந்தச் சட்டை. நாங்கள் பள்ளியை விட்டுக் கிளம்பியபோது ஐந்து பித்தான்களில் மூன்றைத் தானே போட்டுக்கொண்டான்.

உதவி செய்வதிலும் ஒரு வரிசை இருப்பதை அங்கே கண்டோம். முதலில் குழந்தையின் கையைப் பிடித்துச் செய்விப்பது. பிறகு சுட்டிக் காட்டுவது. பிறகு வாயால் சொல்வது. பிறகு சும்மா இருப்பது. இவற்றுள் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது கடைசியாகச் சொன்னதுதான். கேள்வி கேட்டவுடன் பதில் வராவிட்டால் நாங்களே பதிலைச் சொல்லிவிடுவோம். இதைக் கவனித்த ஆசிரியை, "கேட்ட பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள்" என்று கட்டளையிட்டார். எண்ணிப் பார்த்தோம். ஏழிலோ எட்டிலோ பல குழந்தைகள் கையை நீட்டினார்கள். அதுவரை நாங்கள் மூன்றிலேயே குறுக்கிட்டு வந்திருக்கிறோம்.

ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் மணி அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான். பிடிவாதம் என்று நினைத்தோம். ஒரு வாரம் நேரம் குறித்துப் பார்த்ததில், மணிக்கு முன்பே அடுத்து என்ன என்று தெரிந்திருந்த நாட்களில் அவன் அமைதியாக இருந்தது தெரியவந்தது. அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினோம். ஒரு வேலை முடிந்ததும் அவனே அப்படத்தைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். சத்தம் அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் போவது வெகுவாகக் குறைந்தது.

இவ்வாறு பார்த்துக் கற்பிக்கும் வழி பொதுக் கல்விக்கும் பயன் தந்திருக்கிறது. 1907-இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், அதற்கு முன் அறிவுத்திறன் குறைபாடு உடைய குழந்தைகளிடையேதான் வேலை செய்து வந்தார். அங்கே கண்டவற்றையே மற்றக் குழந்தைகளுக்கும் விரிவாக்கினார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

இப்போது எங்கள் தவற்றுக்கு வருவோம். அந்த வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தந்தைக்கு ரயில்வேயில் வேலை. 'பேச்சு இல்லை, சொன்னதைப் புரிந்துகொள்வதில்லை' என்று பதிவேட்டில் எழுதியிருந்தது. வீட்டு மொழி என்ற இடத்தில் இந்தி என்று இருந்தது. பார்க்கச் சொன்ன வாரத்திலேயே நாங்கள் அவசரப்பட்டு மதிப்பீட்டுத் தாளை நிரப்பினோம். தெலுங்கில் கேட்டோம், இந்தியில் கேட்டோம். சொன்னதைப் புரிந்துகொள்ளும் துறையில் 20 செயல்களுக்கு 3 குறித்தோம். வீட்டு மொழியைப் பதிவேட்டிலிருந்து அப்படியே பெயர்த்து எழுதினோம். தாயைக் கேட்கவில்லை.

நான்காம் வாரம், மதிய உணவு வேளை. எங்களில் ஒருவர் மற்றொருவரிடம், "அந்தத் தட்டை இப்படிக் கொடு" என்று தமிழில் சொன்னார். அந்தச் சிறுமி எழுந்து போய்த் தட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். தற்செயலோ என்று ஐயுற்று, "கதவைச் சாத்து" என்றோம். போய்ச் சாத்தினாள். எங்களுக்குப் பேச்சு எழவில்லை. மூன்று தமிழர் நான்கு வாரமாக ஒரு தமிழ்க் குழந்தையின் அருகில் உட்கார்ந்துகொண்டு, அவளுக்கு மொழியே இல்லை என்று எழுதிவைத்திருந்தோம். மறுநாள் அதே தாளைத் தமிழில் நடத்தியபோது 3 என்பது 11 ஆயிற்று.

தாயை அழைத்துப் பேசினோம். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராதபோது, விவரம் தெரிந்தவர் ஒருவர், "இரண்டு மொழி கேட்டால் இந்தக் குழந்தை குழம்பிப் போகும். வீட்டில் இந்தி மட்டும் பேசுங்கள்" என்று சொன்னாராம். அந்த அம்மாளுக்குத் தெரிந்த இந்தி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். ஆகவே மகளிடம் அவர் பேசியதெல்லாம் வா, சாப்பிடு, போதும் என்பவற்றுக்குரிய இந்திச் சொற்கள் மட்டுமே. கதை சொல்வது நின்றது, பாட்டு நின்றது. பெற்றோர் தமக்குள் பேசிக்கொண்ட தமிழை ஓரமாக நின்று கேட்டே அக்குழந்தை அத்தனையும் கற்றிருந்தாள்.

நாங்கள் கண்டதைச் சொன்னபோது அந்த அம்மாள் மகிழ்வார் என்று எண்ணியிருந்தோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் டீச்சரம்மா, இத்தனை வருஷம் நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது குழந்தைக்குக் கெடுதலாகவா போயிற்று?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. தெலுங்கரான வகுப்பாசிரியை, என்ன கேட்கிறார் என்று எங்களிடம் விசாரித்து அறிந்துகொண்டு, "குழந்தைக்கு எட்டு வயதுதான் ஆகிறது. இன்று மாலையிலிருந்து பேசச் சொல்லுங்கள்" என்றார்.

இரு மொழி கேட்டால் இத்தகைய குழந்தைகளின் பேச்சு கெடும் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. ஆராய்ச்சி அதை ஆதரிக்கவில்லை. 'டவுன்' குறைபாடு உடைய குழந்தைகளைப் பற்றிக் கனடாவில் நடந்து, 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, இரு மொழிச் சூழலில் வளர்ந்தவர்கள், ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்த அதே நிலைக் குழந்தைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை என்று கண்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. காரணமும் எளிதில் விளங்கும். குழந்தை மொழியைக் கற்பது வாயாரப் பேசுகிறவர்களிடமிருந்து. தாய்க்கு நன்றாக வராத மொழியை வீட்டு மொழியாக்கினால், குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவே குறைந்துபோகிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு இந்த அனுபவத்திலிருந்து சில செய்திகள் உண்டு. பள்ளியில் வீட்டு மொழியைக் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். குழந்தை வீட்டில் புரிந்துகொள்ளும் சொற்களையும், சொல்லும் சொற்களையும் ஒரு தாளில் எழுதி, அவற்றின் பொருளோடு ஆசிரியரிடம் கொடுங்கள். மதிப்பீடு செய்யும்போது கூடவே இருக்க அனுமதி கேளுங்கள். உரிமைகளும் உங்கள் பக்கம் இருக்கின்றன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று, 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உடைய குழந்தை, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். அச்சட்டப்படி ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். ஊர் மாறி வந்தவர்கள் இதை மறக்கக் கூடாது.

அந்தச் சிறுமியின் குறைபாடு தமிழால் நீங்கிவிடவில்லை. நாங்கள் இருந்த எஞ்சிய வாரங்களில் அவள் வாயிலிருந்து தெளிவாக வந்த சொற்கள் ஆறு. அவற்றில் ஒன்று, 'அம்மா'. புறப்படும் நாளில், அவளுக்குத் தெரிந்த முப்பது தமிழ்ச் சொற்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதி, எதிரே தெலுங்குப் பொருளையும் குறித்து, வகுப்பாசிரியையின் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டு அங்கே வரும் பயிற்சி ஆசிரியர்கள் தமிழ் அறியாதவர்களாக இருக்கலாம். அந்தத் தாளைப் படித்துவிட்டு அவர்கள் வகுப்பைத் தொடங்குவார்கள்.